கர்ச்சீப் போட்ட சீட்

மாரிகுப்பம் ரயிலில் சீட் பிடிக்கக் கர்ச்சீப் போட்டுவிட்டால், அது போட்டவருக்குத்தான். அந்த வாரம் மூன்றாம் முறையாக யாருடைய கர்ச்சீப் மேலோ உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா சார், கண்ணு தெரியலயா?" என்றார் கர்ச்சீப்காரர்.

கோபம் தலைக்கேறியது. சோடாபுட்டிக் கண்ணாடிதான், மைனஸ் பதினாலு. ஆனாலும் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்த பொடி எழுத்தைக்கூடப் படித்துக் காட்டினேன். கண்ணாடிக்குப் பெரிய ஃபிரேம் மாற்றிப் பார்த்தேன், அப்புறமும் அதே கதைதான்.

கண் டாக்டர் கிளாக்கோமா என்றார். கீழ்ப்பக்கப் பார்வை போய்விட்டதாம், திரும்ப வராதாம்.

"எங்கயும் இருட்டா இல்லீங்களே?" என்றேன்.

"இருட்டா தெரியாதுங்க. பக்கத்துல இருக்கறத வச்சு அந்த எடத்த மூளையே ரொப்பிடும்."

அப்போது புரியவில்லை. மறுநாள் ரயிலில் ஒரு சீட் காலியாகத் தெரிந்தது. பெங்களூர் வரை நின்றுகொண்டே போனேன்.