படத்தின் பின்பக்கம்

இனயம் என்ற கடலோர ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே கடைசி இராவுணவுப் படம் தொங்கும். கடற்கரையில் அநேகமாக எல்லா வீட்டிலும் அதுதான். அது உலகம் கொண்டாடும் ஓவியம் என்பதெல்லாம் ஓவியம் படிக்கப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று என் வேலையே அப்படிப் பெயர்பெற்ற ஓவியங்களை எடுத்து, ஆட்களை ஒற்றை நிறத்தால் மூடி, அதன்மேல் எங்கள் ஊர்ப் பேச்சை எழுதுவது. நாகர்கோவிலில் ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் கடலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. அந்த மேசையில் அவன் பேசியதை அந்தப் படத்தின் மேலேயே எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வேறு பிரதி எனக்கு ஆகாதாம், வீட்டுப் படமேதான் வேண்டுமாம். திமிர்தான், வேறென்ன.

அண்ணன் மனைவியான மைனியிடம் கேட்டேன்.

"கொண்டு போ மக்கா. பத்திரமா திருப்பித் தந்துரு."

சட்டம் போடும் கடையில் கொடுத்து, படத்தை பிளைவுட்டில் ஒட்டச் சொன்னேன். கடைக்காரர் போனில் கூப்பிட்டார்.

"பின்னாடி என்னமோ எழுதியிருக்கே, ஒட்டலாமா?"

எங்கள் வீட்டில் பிறப்பு, ஞானஸ்நானம், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, சாவு எல்லாத் தேதியும் அந்தப் படத்தின் பின்னால்தான் எழுதுவார்கள். அப்பா எழுதிய பழைய படம் செல்லரித்துப் போனது. இது அண்ணன் கருங்கல் சந்தையில் வாங்கிய புதுப்படம். இதில் என்ன இருக்கப்போகிறது?

"வித்த கடைக்காரன் கிறுக்கியிருப்பான். ஒட்டுங்க" என்றேன். போய்ப் பார்க்கக்கூட இல்லை.

கண்காட்சிக்கு மைனி வந்தாள். படத்தில் பதின்மூன்று பேரும் பதின்மூன்று நிறமாக இருந்தார்கள். நடுவில் இருந்த சிவப்பில் அண்ணனின் பேச்சு: 'நீங்க தின்னுங்க, நான் பெறவு தின்னுக்கிடுதேன்.' மைனி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள். பிறகு, "திருப்பு. மோளுக்குப் புதுநன்மை வருது. அவரு எழுதினதுக்குக் கீழ தேதி எழுதணும்."

திருப்பினேன். மைனி பிளைவுட்டைக் கையால் தடவினாள்.

"இங்கதான எழுதியிருந்தாரு? பழசுல உள்ளத எல்லாம் பாத்துப் பாத்து, ஒரு நாள் முழுசும் இருந்து எழுதினாரு."

கையெழுத்துப் போடுவதைத் தவிர அண்ணன் வேறெதுவும் எழுதியவன் இல்லை. அவள் எதிரிலேயே சட்டம் போட்ட கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். உரித்தால் தாள் துண்டு துண்டாகத்தான் வரும் என்றார். பாவி நான், இரண்டு நிமிடம் நடந்து போய்ப் பார்த்திருந்தால் போதும்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கத சொல்லுங்க மைனி. நான் எழுதுதேன்."

"நீ நல்லா எழுதுவ" என்றாள். "உன் எழுத்து எனக்கு எதுக்கு?"

கண்காட்சி முடிந்ததும் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். புதுநன்மையன்று நான் தயங்கித் தயங்கித்தான் வீட்டுக்குப் போனேன். படம் பழைய ஆணியிலேயே தொங்கியது. என் நிறங்கள் சுவரைப் பார்த்திருந்தன; வெறும் பலகை எங்களைப் பார்த்திருந்தது. அதன் அடியில் ஒரே ஒரு வரி, மகளின் பெயரும் அன்றைய தேதியும். மேலே முழுவதும் அண்ணனுக்கு இடம் விட்டிருந்தாள்.