கை சின்னது என்று எழுதினார்கள்

வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் பதினான்கு வருடம் துப்பாக்கியோடு போய்வந்தவர் அந்தப் பெண்மணி. டிரைவரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் ‘வேன் அக்கா’தான். வயது நாற்பத்தாறு. ஆள் குள்ளம், குரல் கணீரென்று இருக்கும். ஒருமுறை வங்கி வாசலில் கத்தியோடு பாய்ந்து வந்த இருவரை, ரிவால்வரை உருவி நீட்டி ஒரே அதட்டலில் ஓட வைத்தார். ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை. கம்பெனி அவரைப் பாராட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அது மூன்றே மாதத்தில் நின்றுபோனது வேறு கதை.

அந்த வருடம் கம்பெனி பழைய ரிவால்வர்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு புது பிஸ்டல் கொடுக்க முடிவு செய்தது. ஆனால் கையில் கொடுப்பதற்கு முன் சுடும் பயிற்சி மைதானத்தில் ஒரு தேர்வு. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு டார்கெட் தாள், இருபது குண்டு. பதினான்கு குண்டாவது கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். அக்கா கவலைப்படவில்லை. ரிவால்வரில் வருடா வருடம் பதினெட்டுக்குக் குறைந்ததே இல்லை அவருக்கு.

மைதானம் என்றால் ஏதோ பெரிய திடல் இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, தடுப்பு வைத்த எட்டு இடங்கள், எதிரே மணல்மேடு. ஏழு ஆண்களும் அக்காவும் வரிசையாக நின்றார்கள். புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிஸ்டலைக் கொடுத்து, குண்டு நிரப்பிய மேகசினைச் செருகுவது, மேல்பகுதியை இழுத்து விடுவது எல்லாவற்றையும் ஐந்தே நிமிடத்தில் காட்டி முடித்துவிட்டார்.

கையில் வாங்கியதுமே அக்காவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. செங்கல்லைப் பிடித்தது போல இருந்தது. ஒழுங்காகப் பிடித்தால் விரல்நுனி மட்டும்தான் டிரிகரைத் தொட்டது. விரல் நன்றாக எட்ட வேண்டுமென்றால் உள்ளங்கையைச் சுற்றித் திருப்பிக்கொண்டு கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளரிடம் சொன்னார். புதுசு அப்படித்தான் இருக்கும், நேரமாகிறது என்று அவர் அடுத்த தடுப்புக்குப் போய்விட்டார்.

முதல் குண்டுக்கே பிஸ்டல் கையில் துள்ளியது. வெளியே தெறித்த காலித் தோட்டாக் கூடு கழுத்தில் சூடாகப் பட்டது. அக்கா அசையவில்லை. மூச்சை அடக்கி அடுத்ததைச் சுட்டார். ஒவ்வொரு குண்டும் யாரோ தள்ளிவிட்டதுபோல இடப்பக்கமாகவே போனது. குறியை மாற்றிப் பார்த்தார், காலை அகட்டி நின்று பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. தாளை இழுத்துப் பார்த்தபோது வட்டத்துக்குள் ஒன்பது ஓட்டைகள்.

பக்கத்துத் தடுப்பில் நின்றவரும் அக்காவைப் போலவே குள்ளமான ஆள்தான். அவருக்குப் பதின்மூன்று. பயிற்சியாளர் அவர் முதுகில் தட்டிக் கொடுத்து, பழகினால் சரியாகிவிடும், இன்னொரு தரம் சுடுங்கள் என்றார். இரண்டாம் தடவை அந்த மனிதர் பதினான்கில் தப்பித்தார். அக்கா தனக்கும் இன்னொரு தரம் வேண்டுமென்று கேட்டார்.

“வேணாம்மா. பொம்பளைங்க கை சின்னது, பலமும் பத்தாது. இது உங்க தப்பில்ல” என்றார் பயிற்சியாளர். ஏதோ பெரிய மனது பண்ணிச் சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

கையிலிருந்த படிவத்தில் அதையே எழுதவும் செய்தார். ‘கை சிறியது. துப்பாக்கி கையாளத் தகுதியில்லை.’ கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். அக்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அந்தக் கையில்தானே பதினான்கு வருடம் அடுத்தவர் பணத்தையும் கூட வந்தவர்கள் உயிரையும் ஒப்படைத்திருந்தார்கள்? போட மாட்டேன் என்று பேனாவைத் திருப்பி வைத்துவிட்டார். சரி, பிஸ்டலை இங்கே வைத்துவிட்டுப் போங்கள், நாளைக் காலை ஸ்டோரில் முறைப்படி ஒப்படைக்கும்போது போடுங்கள், அடுத்த வாரத்திலிருந்து உங்களுக்கு அலுவலக வாசலில் வருகைப் பதிவேடு பார்க்கும் வேலை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து பையை வைத்த வேகத்திலேயே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். விடேன், வெயிலில் அலையாமல் உட்கார்ந்து வேலை பார்க்கலாமே என்று முதலில் சொல்லிப் பார்த்தார்.

“நிழல் வேணும்னு நான் யார்கிட்டயாவது கேட்டேனா?” என்றார் அக்கா.

அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டார். விரல் எட்டவில்லை என்ற இடத்தில் நிறுத்தி மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு சாவதானமாகச் சொன்னார். “என்னைவிட உயரமான ஆள் ஓட்டின பஸ்ஸுல, சீட்டை முன்னாடி இழுக்காம ஓட்டுன்னா எனக்கும்தான் பிரேக் எட்டாது. அதுக்காக எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஆயிடுமா? அந்த பிஸ்டல்ல அப்படி இழுத்து வெச்சுக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா?”

மறுநாள் காலை அக்கா ஸ்டோருக்குப் போனபோது அந்தக் கேள்வி மனதில் குடைந்துகொண்டே இருந்தது. ஸ்டோர்க்காரர் அந்த பிஸ்டல் இருந்த பெட்டியை எடுத்து வைத்தார். அக்கா ஒப்படைத்ததாக எழுதிக் கொடுக்காமல் உள்ளே இருந்த பஞ்சுத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில், பிரிக்காத பிளாஸ்டிக் உறையில், பிடியின் பின்பக்கம் மாட்டும் மூடிகள் இரண்டு இருந்தன. ஒன்று மெல்லியது, ஒன்று நடுத்தரம். கூடவே ஒரு தாள். அதில் மூன்று அளவுக் கைகளின் படம். கைக்கு ஏற்ற மூடியை மாட்டிய பிறகே சுடவும் என்று போட்டிருந்தது. தடிமனானதை மாட்டித்தான் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கிறது. யாரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

“எல்லாப் பெட்டியிலயும் இது இருக்கா?” என்று அக்கா கேட்டார். இருக்கிறது, ஏதோ உதிரி என்று நினைத்து அப்படியே அடுக்கிவிட்டோம் என்றார் ஸ்டோர்க்காரர். அதோடு நிற்காமல், போன மாதம் இன்னொரு கிளையிலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்திக்கும் இதே மாதிரி எழுதி அனுப்பிவிட்டார்கள், அவள் வேலையையே விட்டுவிட்டாள் என்றும் சொன்னார்.

அக்கா பெட்டியோடு நேராக மேலாளர் அறைக்குப் போனார். பயிற்சியாளரும் அங்கே இருந்தார். அக்கா உறையைப் பிரித்து இரண்டு மூடிகளையும் மேஜைமேல் வைத்தார், தாளை விரித்து வைத்தார். பயிற்சியாளர் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, இதெல்லாம் சும்மா வசதிக்காகக் கொடுப்பது, தேர்வு முடிந்தது முடிந்ததுதான், மறுதேர்வு ஆறு மாதம் கழித்துத்தான் என்று பூசி மெழுகினார்.

“நேத்து பதின்மூணு எடுத்தவருக்கு ஆறு மாசம் எங்க போச்சு?” என்றார் அக்கா. “எனக்குச் சலுகை வேணாம் சார். இந்தக் காகிதத்துல போட்டிருக்கிறபடி மாட்டிக் குடுங்க. அப்புறமும் நான் தோத்தா, நீங்க எங்க காட்டுறீங்களோ அங்க கையெழுத்துப் போடுறேன்.”

மேலாளர் தாளை இரண்டு முறை படித்தார். பயிற்சியாளரைப் பார்த்தார். அன்று மதியமே மறுதேர்வு என்று முடிவானது.

மெல்லிய மூடியை மாட்டியதும் பிடி உள்ளங்கைக்குள் அடங்கியது. விரல் டிரிகரில் போய் அதுவாக உட்கார்ந்தது. முதல் இரண்டு குண்டு கொஞ்சம் மேலே போயிற்று. துள்ளல் பழகவில்லை. பிறகு நிதானமாகச் சுட்டார். பதினேழு.

“பாத்தீங்களா, மனசு வெச்சா பொம்பளைங்களாலயும் முடியும்” என்றார் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே. முந்தின நாள் வந்ததைவிட இப்போதுதான் அக்காவுக்கு அதிகக் கோபம் வந்தது. நேற்று மட்டும் மனது இல்லாமலா சுட்டார்? தப்புப் பண்ணினது பயிற்சியாளர், பெரிய மனதாகப் பாராட்டுவதும் அவரா? அக்கா படிவத்தைக் காட்டி, நேற்று எழுதிய வரியை அடிக்கச் சொன்னார். பயிற்சியாளர் மறுத்தார். கடைசியில் மேலாளர்தான் அந்த வரிக்குப் பக்கத்தில், ‘பிடி பொருத்தப்படாமல் நடந்த தேர்வு, செல்லாது’ என்று தன் கையால் எழுதினார். பயிற்சியாளர் அதில் கையெழுத்துப் போடவே இல்லை. இன்றுவரை இல்லை. எல்லாப் பெட்டிகளையும் திறந்து அவரவர் கைக்கு மாட்டிக் கொடுக்கும் வேலை மட்டும் மறுநாளே தொடங்கியது. பதினான்கில் தப்பித்த அந்தக் குள்ள மனிதர்தான் முதலில் வந்து நின்றார்.

அக்கா ஸ்டோர்க்காரரிடம் எண் வாங்கி, வேலையை விட்டுப்போன பெண்ணுக்குப் போன் பண்ணினார். அவள் ஒரு மருந்துக் கடையில் இருந்தாள். அக்கா மூடிகளைப் பற்றியும் மறுதேர்வு பற்றியும் சொல்லி, நீயும் வந்து கேள், நான் கூட வருகிறேன் என்றார். அவள் வரவில்லை என்றாள். அந்த முகங்களில் இனி விழிக்க மனமில்லையாம். அக்கா வற்புறுத்தவில்லை. போனை வைக்கப் போகும்போது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ என் கையில ஒண்ணும் குறை இல்லையாக்கா?”

“உன் கையில என்னம்மா குறை?” என்றார் அக்கா.