தொகியே அக்காவின் தவிட்டு ஜாடி

எங்கள் ஊரான கொக்குராவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தன் வீட்டு அடுப்படியில் சமையல் சொல்லிக்கொடுப்பவர் தொகியே அக்கா. எதிரே எனக்கு மீன்கடை. வகுப்புக்கு மத்தி மீன் என்னிடமிருந்துதான் போகும்.

அக்காவின் பாடத்தில் பாதி, "கைய உள்ள விடுங்க" என்பதுதான். அரிசித் தவிட்டில் உப்பும் தண்ணீரும் சேர்த்து, வருஷக்கணக்காகத் தினமும் கிண்டிப் புளிக்கவைத்த ஜாடி. வெள்ளரிக்காயைப் புதைத்தால் மறுநாள் ஊறுகாய். அந்தத் தவிட்டில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டு மத்தியை வேகவைத்தால் அது எங்கள் ஊர்க் குழம்பு. வந்தவர்கள் கைவிட்டுக் கிண்டுவார்கள், முகம் சுளிப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள்.

தவிடு அக்காவின் அம்மாவுடையது. கல்யாணமானபோது பாதியை அள்ளி வந்தார். மீதி பிறந்த வீட்டில், அண்ணன் மனைவி நமிகோவிடம் இருந்தது. அண்ணன் இறந்து ஒரு வருஷம் கழித்து நடந்த சடங்கில், நமிகோ பரிமாறிய கத்திரிக்காய் ஊறுகாயைக் கடித்துவிட்டு, "அம்மா கையில இப்படியா உப்பு கரிச்சுது?" என்று அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

போன இலையுதிர் காலத்தில் ஒரு டச்சுக்காரர் வந்தார். நல்ல மனிதர். வகுப்பு முடிந்து அக்கா வாசலில் நின்று மற்றவர்களுக்குக் குனிந்து விடைகொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளே பாத்திரம் முழுவதையும் கழுவிவிட்டார். ஜாடியையும். தவிடு, நான் மீன் குடலைப் போட்டு வைத்திருந்த குப்பைப் பையில் கிடந்தது.

மீன் தட்டை எடுக்க நான் போனபோது, அவர் சொன்னதை அவருடைய கைப்பேசி எங்கள் மொழியில் மாற்றிப் பேசிக்கொண்டிருந்தது: "உள்ளே அழுகிய காய்கறி இருந்தது. கவலை வேண்டாம். வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிட்டேன்."

அக்கா ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்குங்க. நன்றி," என்று குனிந்தார். டச்சுக்காரர் அதைவிட ஆழமாகக் குனிந்துவிட்டுப் போனார்.

"ரெண்டு திட்டு திட்டக்கூடாதா?" என்றேன்.

"விருந்தாளிய எப்படிடா திட்டுறது? ஒன்னத் திட்டுறேன் இரு. அந்தக் குடல் பைய எதுக்கு அங்க வச்ச?"

"புதுசா தவிடு போட்டுக்கலாம்க்கா."

"தவிடு போடலாம். அம்மா கிண்டுனத எங்க போய் வாங்குறது?"

"நமிகோ அண்ணிகிட்ட இருக்கே."

"எனக்குத் தெரியாதா?"

காய்ந்த ஜாடியை மறுபடி துடைத்தார். பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டார். "நீயும் வா. மீன்காரன் நிக்கும்போது கதவச் சாத்தமாட்டாங்க."

நமிகோ கதவைத் திறந்து ஜாடியைப் பார்த்தார்.

"என்ன, காலியா?"

"கழுவிட்டாங்க."

"யாரு?"

"விருந்தாளி."

"நீ என்ன சொன்ன?"

"நன்றின்னேன்."

"சொல்லியிருப்ப. வீட்டாளுங்ககிட்டதானே ஒனக்கு வாய் நீளும்."

அக்கா தரையைப் பார்த்தார். "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது அண்ணி."

"கேட்ட. நாலு பேரு முன்னால கேட்ட."

"ஆமா."

"உப்புதான் அது," என்றார் நமிகோ. "ஒங்கண்ணன் போனதுலேருந்து எனக்கு நாக்குல ருசியே தெரியல. அள்ளிப் போட்டுட்டேன்."

உள்ளே போய்த் தன் ஜாடியைத் தூக்கி வந்து என் கையில் திணித்தார். காலி ஜாடியையும் அக்காவிடமிருந்து பிடுங்கி என்னிடமே தந்தார். அக்காவின் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன நகம் இது? இதோடயா அத்தை தவிட்டுல கை வைக்கப்போற?"

நகவெட்டி வந்தது. தொகியே அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பத்து விரலுக்கும் நகம் வெட்டினார். நமிகோ பக்கத்தில் குனிந்து நின்று, கட்டைவிரலை இன்னும் ஒட்ட வெட்டச் சொன்னார்.