பெயரில்லாத பொத்தான்

இலோயிலோ பேருந்து நிலையத்தில், ரோஹாஸ் ஊருக்குப் போகும் வண்டிகள் நிற்கும் வரிசைக்கு எதிரே, நீலச் சட்டை போட்ட ஐந்து பேர் நாற்காலி போட்டு முதுகு பிடித்துவிடுகிறார்கள். ஐவருக்கும் கண் தெரியாது. இரண்டாவது நாற்காலி மாரிவிக்குடையது. ஒன்பது வயதில் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, முதலில் ஓரங்கள் மறைந்து, பிறகு நடுவும் போய்விட்டது. அதற்காக யாரும் அவளிடம் உச்சுக்கொட்டிவிட முடியாது. பாவம் என்று ஒரு ஆள் சொல்லிவிட்டால் அவர் தோள்பட்டையில் அவளுடைய கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும்.

புருஷன் சரக்குக் கப்பலில் சமையலாள், வருஷத்தில் பத்து மாதம் கடலில். வீட்டில் அவளும் ஏழு வயது மகள் ஜெலினும்தான்.

மாரிவிக்கின் போன் பேசும். விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும். அதைக் கேட்டுத்தான் செய்தி படிப்பாள், புயல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள், மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதுவாள். விளம்பரம் வந்து குதித்துவிட்டால் அந்தக் குரல் அவளை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடிவிடும். "பொத்தான், படம், பொத்தான், சுழற்று, வெல்லு" என்று பினாத்தும். கண்ணுள்ளவர்களுக்கு அது ஓரத்தில் மினுங்கும் தொல்லை, ஒதுக்கிவிட்டு மேலே படிக்கலாம். காதால் படிக்கிறவளுக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. வருகிற குப்பையெல்லாம் நேராக நடுமண்டையில் வந்து இறங்கும். இணையத்துக்காகக் காசு கட்டிப் போட்ட லோடையும் அந்த வீடியோக்களே தின்று தீர்க்கும்.

அதனால் விளம்பரத் தடுப்பான் தேடி அலைந்தாள். முதலில் கிடைத்தது இலவசம், திறந்தவுடன் அதுவே இரண்டு விளம்பரம் போட்டது. இரண்டாவது மகா கறார். பக்கத்தில் தானாக ஓடும் நிரல் அத்தனையையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. தள்ளிய வேகத்தில் பேருந்து நேரம் சொல்லும் பக்கமும் வாயடைத்துப்போயிற்று. மூன்றாவதுதான் கைக்கு அடங்கியது. அதில் என்னென்ன வரக்கூடாது என்று நாமே விதி எழுதிக்கொள்ளலாம்.

மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினாள். அவள் கண்டுபிடித்தது எளிய விஷயம். ஒழுங்கானவன் பொத்தான் வைத்தால் அதற்கு ஒரு பெயரும் எழுதிவைப்பான், போன் அதைப் படிக்கும். திருட்டு விளம்பரக்காரன் வெறும் படத்தை ஒட்டிவிட்டுப் போவான், போன் "பெயரில்லாத பொத்தான்" என்று மட்டும் சொல்லும். ஆகவே ஒரே விதியில் கதையை முடித்தாள்: பெயரில்லாத பொத்தான் எங்கே இருந்தாலும் அழி. அன்றைக்கே பக்கங்கள் துடைத்துவிட்ட தரை போல் ஆயின. பார்வையற்றோர் குழுவில் அறுபது பேருக்கு அந்தப் பட்டியலை அனுப்பினாள். எல்லோரும் அதற்கு மாரிவிக்கின் துடைப்பம் என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். அவளுக்கும் கொஞ்சம் தலை வீங்கத்தான் செய்தது.

இந்தப் பெருமைக்கு நடுவில்தான் ஜெலின் இடப்பக்கத்துக் கதவு நிலையில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள்.  அந்த வளையங்களை அவள் பார்த்திருக்கிறாள். இந்த வருஷத்துக்குள் கத்தி வைத்தால் பார்வை நிற்கும், இல்லாவிட்டால் அம்மா மாதிரிதான் என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார்.

மணிலாவிலிருந்து ஒரு தர்ம மருத்துவக் குழு ஆகஸ்டில் வருவதாகச் செய்தி வந்தது. முதலில் அனுப்பும் முப்பது பிள்ளைகளுக்கு இலவசக் கண் அறுவை. விண்ணப்பம் இணையத்தில் மட்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை. அடுத்த முறை வர இரண்டு வருஷம் ஆகும். விண்ணப்பப் பக்கத்தை யாரோ இலவச இடத்தில் கட்டியிருந்தார்கள், விளம்பரம் கொட்டுகிற இடம். துடைப்பம் இருந்தால் என்ன கவலை? புதன்கிழமையே உட்கார்ந்து பதினான்கு கட்டங்களையும் நிரப்பினாள். டாக்டர் கடிதத்தைச் சேர்த்தாள். கடைசிக் கட்டம் முடிந்ததும் போன் "பக்கத்தின் முடிவு" என்றது. விசைப்பலகையில் இருந்த "முடி" என்பதைத் தட்டினாள். ஆயிற்று என்று நினைத்துவிட்டாள். குவிமராஸ் தீவில் இருக்கும் நெனிட்டாவும் அப்படியே செய்துவிட்டு, அனுப்பியாயிற்று என்று குழுவில் எழுதினாள். அவளும் கண் தெரியாதவள், நாலு வயது மகனுக்காக அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பக்கத்து நாற்காலி ரோமெல்தான் தற்செயலாகப் பேச்சை எடுத்தார்.

"என் தங்கச்சி மகளுக்கு உடனே மெசேஜ் வந்திருச்சாம். பன்னெண்டாம் நம்பராம். உங்களுக்கு எத்தனை, மாரிவிக்?"

"எனக்கு ஒண்ணும் வரலையே, மனோங்" என்றாள், அண்ணன் என்கிற முறையில்.

"வரலையா? அப்ப போகலைம்மா அது."

மாரிவிக்கின் கை வாடிக்கையாளரின் கழுத்தில் அப்படியே நின்றுவிட்டது. நாற்காலியில் குப்புறக் கிடந்தவர் எர்னிங், ரோஹாஸ் வண்டி ஓட்டுநர், தன்னைவிட இளைய பெண் யாரையும் இந்தாய் என்றே கூப்பிடுகிறவர். "என்ன இந்தாய், கையில கரண்டு போயிருச்சா?" என்றார்.

அவள் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நிரப்பினது எல்லாம் நிரப்பினபடியே இருந்தது. கடைசிக் கட்டம், அதன் பிறகு பக்கத்தின் முடிவு. மேலிருந்து கீழே நாலு தடவை விரலால் நடந்து பார்த்தாள். அனுப்பு என்று ஒன்று எங்கேயுமே இல்லை.

கண்ணுள்ளவர்களிடம் போனை நீட்டுவது அவளுக்குப் பிடிக்காது. இன்றைக்குப் பிடித்தம் பார்க்க முடியுமா? "மனோங் எர்னிங், கொஞ்சம் பாருங்களேன். அனுப்புற பொத்தான் எங்க இருக்கு?"

"இது செத்துக்கிடக்கு இந்தாய். திரை கும்மிருட்டா இருக்கு."

"எனக்கெதுக்கு வெளிச்சம்? பேட்டரிதான் வீணாகும்." திரையை ஒளிரவிட்டுக் கொடுத்தாள்.

எர்னிங் நீட்டிப்பிடித்துப் பார்த்தார். "எழுதினதெல்லாம் இருக்கு. அதுக்குக் கீழ வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாருங்க!"

"ரெண்டு கண்ணாலயும்தான் பாக்குறேன். யாரோ தொடச்சு வச்ச மாதிரி இருக்கு."

துடைத்த மாதிரி என்றதும் அவளுக்குத் தன் துடைப்பம் உறைத்தது. தடுப்பானை அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தாள். திறந்த உடனே சூதாட்டக் காசு கலகலவென்று கொட்டும் சத்தம், இளைக்க வைக்கும் தேநீர், எவளோ ஒருத்தியின் சிரிப்பு. "இப்ப பாருங்க மனோங்."

"இப்ப இருக்கு! கடைசிக் கட்டத்துக்குக் கீழ, நடுவுல, பச்சையா, கடுதாசி பறக்குற படம். ஆனா நீ எழுதினது எதுவும் இல்லையே, எல்லாம் காலியாக் கிடக்கு."

தர்மம் செய்ய வந்த அந்தப் புண்ணியவான்கள் அனுப்பும் பொத்தானுக்குப் பெயர் வைக்கவில்லை. வெறும் படம். அவளுடைய விதி அதையும் விளம்பரம் என்று எண்ணி அழித்துவிட்டது. மகளின் கண்ணுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஒரே கதவை அவளே பெருக்கித் தள்ளியிருக்கிறாள். முட்டாள், முட்டாள் என்று தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டாள்.

"நான் எழுதித் தர்றேன், சொல்லு" என்றார் எர்னிங். நல்ல மனுஷர். இரண்டு கட்டம் நிரப்பினார். அதற்குள் ஒரு விளம்பரம் திரையை மூடியது. அவர் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கினார். அது பொய்க் குறி, கண்ணுள்ளவர்களுக்கென்றே வைத்த கண்ணி. ஏதோ ஒரு விளையாட்டு இறங்க ஆரம்பித்தது, எழுதினது போயிற்று. மறுபடி எழுதினார், மறுபடி அதே. நான்கு இருபத்தைந்துக்கு நடத்துநர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கோ இந்தாய். முப்பத்தெட்டுப் பேரு உள்ள உக்காந்திருக்காங்க." 

இன்னொரு ஆளைத் தேட நேரமில்லை, தேடினாலும் அவரும் அந்தக் குறியைத்தான் அமுக்குவார். மாரிவிக் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். விளம்பரம் வந்தால் தொடக்கூடாது, ஓடி முடியட்டும் என்று முடிவு செய்தாள். ஜெலின் பெயரை எழுதும்போது காசு கொட்டியது, காத்திருந்தாள். பிறந்த தேதி எழுதும்போது தேநீர் வந்தது, காத்திருந்தாள்.  "லோடு தீரப்போகிறது" என்று போன் எச்சரித்தது. ரோமெல் பேசாமல் தன் போனிலிருந்து லோடு போட்டுவிட்டார். "சாந்தா மரியா, என் கண்ணைத்தான் எடுத்துக்கிட்ட, அவளோடதை விட்டுரு" என்று அவள் வாய்விட்டே சொன்னாள். பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டிருக்கும். வெட்கப்பட நேரமில்லை.

கட்டங்கள் முடிந்தன. போன் வரிசையாக ஏழு முறை சொன்னது: பெயரில்லாத பொத்தான். ஏழில் ஒன்றுதான் நிஜம். வரிசையை விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டு, அங்கிருந்து நேர் கீழே, நடுவில் வைத்து இரண்டு முறை தட்டினாள்.

போன் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "விண்ணப்பம் கிடைத்தது. உங்கள் எண் இருபத்தெட்டு."

மணி நான்கு ஐம்பத்திரண்டு. அவள் ரோமெலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"போதும்மா, சட்டை நனையுது. இருபத்தெட்டாம் நம்பர் மகாராணிக்கு ஒரு கிண்ணம் பாட்சோய் சூப்பு வாங்கித் தர்றேன், வாங்க" என்று எழுந்தவர் தயங்கினார். "ஆமா, நெனிட்டா? அவளும் உங்க துடைப்பத்தை வச்சுத்தானே அனுப்பினா?"

மாரிவிக்குக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. உடனே அழைத்தாள்.

"மனாங்!" என்றாள் நெனிட்டா எடுத்ததும், அக்கா என்கிற உரிமையில். பின்னால் குழந்தை ஏதோ தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. "நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க துடைப்பம் மட்டும் இல்லேன்னா நான் அந்தப் பக்கத்தைத் திறந்தே இருக்க மாட்டேன்."

"நெனிட்டா, கேளு. அது போகலை. என் விதிதான் பொத்தானை அழிச்சிருச்சு. தடுப்பானை அணை. இப்பவே. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

கேள்வி கேட்கவில்லை அந்தப் பெண். வேலையைத் தொடங்கினாள். அவளுடைய போனின் குரல் இங்கே கேட்டது. காசு கொட்டியது, தேநீர் வந்தது. "தொடாதே, ஓடட்டும்" என்றாள் மாரிவிக். "எழுது. அடுத்தது எழுது." தீவில் சிக்னல் திணறியது. ஒன்பதாவது கட்டம். பத்தாவது கட்டம். டாக்டர் கடிதம் ஏற மறுத்தது. மறுபடி முயன்றாள். ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு நெனிட்டாவின் போன் தெளிவாகச் சொன்னது. மாரிவிக்கும் கேட்டாள். "விண்ணப்பக் காலம் முடிந்தது."

குழந்தை தட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 

"மனாங்" என்றாள் நெனிட்டா கடைசியில். "ஜெலின் பேரு போய்ச் சேந்துருச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "போயிருச்சு, நெனிட்டா."

"நல்லது மனாங்" என்றாள் அவள். போனை வைக்கவில்லை. மாரிவிக்கும் வைக்கவில்லை.