விலகும் காரணம்

தம்பி மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் பெறக் கிருஷ்ணகிரிக்கு அருகிலிருந்த ஒரு பொறியியற் கல்லூரிக்குச் சென்றிருந்தபோது, அலுவலகத்தில் ஒரு மாணவியைக் கண்டேன். மெலிந்த உருவம், புறங்கையில் எண்ணெய் தெறித்த வடுக்கள். எதையும் முகர்ந்து பார்க்கும் வழக்கம் அவளுக்கு இருந்தது போலும். எழுத்தரின் மேசைமீதிருந்த தேநீரை நோக்கிச் சற்றே குனிந்து, "பால் அடிப்பிடிச்சிருக்குங்கண்ணா" என்றாள்.

இறுதியாண்டுப் படிப்பை விடுத்து, பெங்களூரில் சமையற்கலைப் பள்ளியில் சேர இருந்தாள். அங்கே சேர்க்கைக்கு மறுநாளே கடைசி நாள். எழுத்தரோ, அவளது சான்றிதழ்ப் படிவத்தில் விலகும் காரணம் என்னும் கட்டத்தில் 'திருமணம்' என எழுதினார். மாணவி விலகினால் அங்ஙனம் எழுதுவதே அவ்வலுவலக வழக்கமாம்.

"கல்யாணம் இல்லீங்கண்ணா, சமையல் படிக்கப் போறேன். அப்படியே எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? எப்படியும் அடுப்படிதான்."

"உங்க டீக்கடை மாஸ்டரு கல்யாணம் பண்ணிக்கினுதான் அடுப்புக்கு வந்தாரா?"

எழுத்தர் நகைத்தார். எனக்குச் சினம் மூண்டது. ஆயினும் என் வாயில் வந்ததோ, "ஓராண்டுதானே அம்மா, பட்டத்தை முடித்துவிட்டுப் போகலாகாதா?" என்பதே.

"முடிச்சா வீட்டுல விடமாட்டாங்க சார். ஓசூர்ல கம்பெனி வேலை, அப்புறம் இவரு எழுதின இதே கல்யாணம்."

அச்சொல்லை அடித்துவிட்டு, 'சமையல் கற்க' என்று தானே எழுதினாள்.

"அடிச்சு எழுதின ஃபாரத்துக்கு சீல் கிடையாது. போய் அப்பாவைக் கூட்டிக்கினு வா."

"நீங்க வேற ஃபாரம் குடுக்கற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்" என்று விசிப்பலகையில் அமர்ந்தாள்.

தம்பி மகனின் சான்றிதழ் கைக்கு வந்ததும் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன். வாழ்நாள் முழுதும் பிறர் எழுத்தில் சொற்பிழை திருத்தியவன், அந்தக் கட்டத்தில் இருந்த பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு முத்திரை கிடைத்ததா என்பதறியேன். இன்று நினைப்பினும் சினம் மூள்கிறது, அவ்வெழுத்தர்மீது மட்டுமன்று.