வட்டி கேட்காதவர்களின் வரிசை

எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. தக்காளி மண்டிகளில் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பெட்டி. ஒரு பக்கம் விளிம்பு உடைந்திருக்கிறது. இன்னொரு பக்கம், தன் பெட்டி என்று தெரிவதற்காக மண்டிக்காரர் வெள்ளைப் பெயின்ட்டில் போட்ட சூலக் குறி பாதி அழிந்து நிற்கிறது. ஓசூரில் வாடகை வீடு மாறும்போதெல்லாம் என் கணவர் அதைத் தூக்கிப் போடச் சொல்லுவார். நான் மாட்டேன். சரி, வெங்காயமாவது கொட்டி வை என்பார். அதற்கும் மாட்டேன். அது அம்மாவின் கட்டளை. சூளகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓடு மாற்றியபோது வைக்க இடமில்லையென்று என்னிடம் கொடுத்தனுப்பினாள். "அது அடுத்தவங்க பொருளு. அதுல ஒன்னும் போட்டு வைக்காத. கேட்டு வந்தா சுத்தமா எடுத்துக் குடுக்கணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். கேட்டு வரவேண்டியவர் யார், ஏன் வரவில்லை என்று நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் அந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்டது ஒரு நல்ல செய்திதான். நான் வேலை செய்யும் உதிரிபாகக் கம்பெனியில் இழுத்துக்கொண்டே இருந்த சம்பள ஒப்பந்தம் ஒருவழியாகக் கையெழுத்தாகி, அரியர்ஸ் மொத்தமாக என் கணக்கில் ஏறியது. அவ்வளவு பெரிய தொகையை நான் என் பெயரில் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் கடன் அதைவிடப் பெரியது. கிரெடிட் கார்டு, வண்டி லோன், மகளிர் குழு லோன், இவற்றோடு பாகலூர் அக்கா கொடுத்த கைமாற்று. பாகலூர் அக்கா என் லைனில் எனக்கு எதிர் மேசையில் வேலை செய்பவள். என் பெண்ணுக்கு டெங்கு வந்து, அட்வான்ஸ் கட்டினால்தான் பெட் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட மத்தியானம், ஷிப்டுக்குப் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து பணத்தை என் கையில் திணித்தாள். எப்போது தருவாய் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

கணவர் சாப்பிட்டுக்கொண்டே வரிசையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "எதுக்கு வட்டி அதிகமோ அத மொதல்ல அடைக்கணும். கார்டு, அப்பறம் குழு, அப்பறம் வண்டி. அக்காவுக்கு அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம். அவங்க ஒன்னும் கேக்கமாட்டாங்க." கணக்கில் தப்பே இல்லை. பேங்கில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். என் கணவர் அடுத்தவர் காசை ஏமாற்ற நினைக்கிறவரும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் கையிலிருந்த கரண்டி சுவரோரம் போய் விழுந்தது. நான்தான் எறிந்தேன். மனுஷன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றுவிட்டார். அவருக்குத் தெரியாது, அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது ஒரு தக்காளித் தோட்டத்தில் என்று.

அம்மா தக்காளித் தோட்டங்களுக்குப் பறிக்க ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி. ஊரில் எல்லாருக்கும் மேஸ்திரியக்கா. அவள் வார்த்தையை நம்பித்தான் பெண்கள் வேலைக்குக் கிளம்புவார்கள். எந்தத் தோட்டம், என்ன கூலி, சாப்பாடு உண்டா இல்லையா, எல்லாம் அவள் வாய்ச்சொல். தக்காளிச் செடியின் பிசின் ஏறி அவள் கை எப்போதும் கரும்பச்சையாக இருக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. ஊரில் பெரிய தோட்டம் ஒருவருடையது. தோட்டத்துக்காரர் என்றே அவரைச் சொல்வோம். அவர் தோட்டத்துக்கு அம்மாதான் நிரந்தர மேஸ்திரி.

ஒரு வருஷம் தக்காளி விலை அடியோடு விழுந்தது. வண்டி வாடகைக்கே கட்டாது என்று மண்டிக்குக் கொண்டுபோனதை ஹைவே ஓரம் கொட்டிவிட்டு வந்தார்கள். மாடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. தோட்டத்துக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பொய்யில்லை, அந்த வருஷம் அவர் நிஜமாகவே நொந்துபோயிருந்தார். ஆனால் அத்தனை நாள் குனிந்து பறித்த பெண்களுக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அவர்கள் தோட்டத்துக்காரர் வாசலுக்குப் போகவில்லை, எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். அம்மா மறுநாள் காதில் இருந்த கல் கம்மலைக் கழற்றிச் சூளகிரியில் அடகு வைத்து, எல்லாருக்கும் கூலியைக் கொடுத்து முடித்தாள். துளை தூர்ந்து போகாமல் இருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். தோட்டத்துக்காரரிடம் போய், "நான் குடுத்துட்டேன்ண்ணா. உங்களுக்கு ஆனப்போ எனக்குக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் தலைகீழ். வேறெங்கோ மழையில் எல்லாம் அழுகிப்போக, எங்கள் பக்கத்துத் தக்காளிக்கு வந்தது யோகம். பெங்களூரிலிருந்து வியாபாரிகள் தோட்டத்து வரப்பு வரைக்கும் வந்தார்கள். செடிக்குக் காவல் போட்டார்கள். முதல் லோடு விற்ற மறுநாள் தோட்டத்துக்காரர் ஒரு பெரிய மைசூர்பாகுப் பொட்டலத்தோடு தோட்டத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம் லீவு என்று நானும் அம்மாவோடு போயிருந்தேன். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அம்மாவிடம் வந்து, "அக்கா, உன் காசு நெனப்புல இருக்குது. எப்ப வேணும் சொல்லு" என்றார். மனதாரக் கேட்டார். இடுப்பில் சொருகிய பையில் பணமும் இருந்தது. அப்போது என் அம்மா என்ன சொல்லியிருக்க வேண்டும்? இப்பவே குடுங்கண்ணா என்று கையை நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும்ண்ணா. வட்டி ஓடறத மொதல்ல அடைச்சிடுங்க. நாங்க எங்க போயிடப் போறோம்" என்றாள். அவர் முகம் அப்படியே இளகியது. பக்கத்தில் நின்ற தன் மகனிடம் திரும்பி, "பாத்தியா, மேஸ்திரியக்கா ஒன்னும் கேக்கமாட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். நான் மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தேன்.

வாய்மரியாதைக்குச் சொன்ன சொல் அது. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடுங்கள் என்றால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பது போன்ற சொல். இரண்டாம் தரம் வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அது அவருக்கும் தெரியும். இரண்டாம் தரம் அவர் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு பணம் வந்த வழியெல்லாம் கைகள் இருந்தன. மண்டிக்காரர் முன்பணத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். கூட்ரோட்டில் உரக்கடைக்காரர் வண்டியை மறித்தார். போர்வெல் போட்டவர் நாலு பேரோடு வந்து வாசலில் சத்தம் போட்டார். அழுத பிள்ளைக்குப் பால். பிறகு தோட்டத்துக்காரர் மனைவியின் அடகு ஆரம் பேங்கிலிருந்து வீட்டுக்கு வந்தது. அம்மன் கோயிலுக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார், பக்கத்தில் வேப்பங்குச்சிக் காதோடு என் அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மகனுக்குப் புது பைக். அது எந்தக் கடனில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விலை ஏறிய வேகத்திலேயே இறங்கியது. அடகுக் கடையிலிருந்து கம்மலுக்குக் கடைசி நோட்டீஸ் வந்தபோதுதான் அம்மா முதன்முறையாகத் தானாகவே கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். தோட்டத்துக்காரர் கோபப்படவில்லை, திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "நீதானக்கா மொதல்ல அவங்களுக்குக் குடுன்னு சொன்ன? உன் பேச்சத்தான் கேட்டேன். இப்ப கையில ஒன்னுமே இல்லியே." அம்மாவின் சொல்லையே எடுத்து அம்மாவின் முன்னால் வைத்துவிட்டார். வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அவர் ஒரு பெட்டி தக்காளியைத் தூக்கி அம்மா தலையில் வைத்துவிட்டார். விலை விழுந்த தக்காளி. அதைச் சுமந்துகொண்டு ஹைவே ஓரமாக நடந்து வந்தோம். சட்னி, ரசம், தொக்கு என்று வீடு முழுக்க அதே வாசனை. கம்மல் ஏலத்தில் மூழ்கிப்போன அன்றைக்கும் எங்கள் வீட்டில் தக்காளித் தொக்குதான். இன்றைக்கும் எனக்கு அது தொண்டையில் இறங்காது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் போகட்டும் என்றிருப்பேன். ஒரு வாரம் கழித்துத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். "காலிப் பெட்டியக் குடுங்கக்கா, மண்டிக்காரருதாம். கணக்குக் கேக்கறாங்க." என் அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாசற்படியில் எழுந்து நின்றாள். "கூலியக் குடுத்துட்டுப் பெட்டிய எடுத்துக்கினு போகச் சொல்லு" என்றாள். அவன் இன்னொரு தரமும் வந்தான். அதே பதில். பிறகு வரவில்லை. தோட்டத்துக்காரர் அந்தப் பெட்டிக்கு உண்டான விலையை மண்டியில் கட்டிவிட்டார் என்று வண்டி டிரைவர் பின்னால் சொன்னார். யோசித்துப் பாருங்கள். ஒரு காலிப் பிளாஸ்டிக் பெட்டியின் கடன்கூட என் அம்மாவின் கம்மலுக்கு முன்னால் தீர்ந்துவிட்டது.

சில வருஷம் கழித்து அந்தத் தோட்டம் கம்பெனிக்காரர்களுக்கு நல்ல விலைக்குப் போனது. அவருக்கு இரண்டாம் யோகம். வளைவு வைத்து வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவையும் அழைத்திருந்தார். அம்மா போனாள். போய்ச் சாப்பிட்டுவிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்தாள். "உனக்குக் குடுக்க வேண்டியவருக்கு நீ மொய் வைக்கறியா?" என்று கத்தினேன். "அதுக்குன்னு, கூப்பிட்ட வூட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா?" என்றாள். வட்டி வாங்குகிறவனிடம் பயம், வாங்காதவளுக்கு அழைப்பிதழ். இந்த ஊரின் கடன் நியாயம் அவ்வளவுதான். கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று புகழ்ந்து புகழ்ந்தே அவர்களைக் கடைசியில் நிறுத்திவிடுகிறோம்.

கரண்டியை எறிந்த மறுநாள் கேன்டீனில் பாகலூர் அக்காவிடம் பணம் வந்திருக்கிறது, உன் கடனைத் தருகிறேன் என்றேன். அவள் சாம்பாரைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "இப்ப என்ன அவசரம் பாப்பா? மொதல்ல லோனுங்கள முடிச்சுக்கோ. நான் எங்க போயிடப் போறேன்?" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. "வாய மூடுக்கா! இந்தப் பேச்ச மட்டும் என்கிட்டப் பேசாத!" என்று கத்தினேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அங்கேயே, அவள் கண் முன்னாலேயே, போனில் முழுப் பணத்தையும் அனுப்பினேன். அவள் போன் மேசைமேல் டிங் என்றது. அவமானப்பட்டவள்போல எழுந்து போனாள். ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் கையில் இரண்டு தங்க வளையல் பார்த்தேன். அவளுக்கு வளையல் இருந்ததே அன்றுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. என் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்து அவள் கண்ணாடி வளையல்தான் போட்டிருந்தாள். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், நீங்கள் எல்லாரும்?

கார்டுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கணவர் அதைப் பற்றி மாதாமாதம் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து வந்ததும் வெங்காயப் பையைப் பால்கனிக்கு எடுத்துப்போய் அந்த நீலப் பெட்டியில் மொத்தமாகக் கொட்டினேன். கொட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். "பெட்டியில வெங்காயம் போட்டுட்டேன்மா. யாரும் கேட்டு வரமாட்டாங்க. அது நம்ம பெட்டி" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மா சொன்னாள்: "அடியில பேப்பர் விரிச்சுப் போடு. இல்லன்னா ஓட்ட வழியா தோலு கொட்டும்."