வேன்காரர் வீட்டு முள்ளங்கி

வேனைப் பூட்டிவிட்டு வந்த கையோடு, சட்டையைக்கூட மாற்றாமல் பால்கனியில் குந்திவிடுகிறார். நீளத் தொட்டியில் முண்டியடித்து நிற்கும் முள்ளங்கி நாற்றுகளைப் பெருவிரலால் மெல்ல விலக்கி, அடியில் மண் அணைக்கிறார். வாய் சும்மா இருப்பதில்லை. "கொஞ்சம் தள்ளிக்கோ. அப்படித்தான். எல்லாருக்கும் இடம் இருக்கு."

பள்ளி வேன் ஓட்டுகிறவர். மூன்று பேர் சீட்டில் ஐந்து பிள்ளைகளை உட்காரவைத்து, ஒருவரும் முனகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கெட்டிக்காரர். அதே கைதான் விதைப்பிலும். பாக்கெட் மொத்தத்தையும் ஒரே தொட்டியில் தூவுவார். முளைத்த எதையும் பிடுங்கமாட்டார்.

மண் கலப்பதில் குறை சொல்ல முடியாது. காய்ந்த இலையை மக்கவைத்துச் சலித்து, பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர்கிற பதத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். ஓரத்து மிளகாய்ச் செடி காய்த்துத் தள்ளுகிறது. முள்ளங்கி மட்டும் இரண்டு முறை விதைத்தும் இலையோடு நின்றுவிட்டது. பிடுங்கினால் எலிவால்.

நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கும் மச்சினன் போன முறை அதில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "மாமா, இதை அடுப்புல ஏத்தறதா, ஊசியில கோக்கறதா?"

"கிண்டல் போதும்டா. என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"நாலு விரலுக்கு ஒண்ணை விட்டுட்டு மத்ததைப் பிடுங்கி எறிங்க. இடமே இல்லாம கிழங்கு எங்க போய்ப் பெருக்கும்?"

"மொளைச்சு வந்ததை எப்படிடா எறியறது?"

மனைவிக்கு இந்த வழக்கில் பொறுமை கிடையாது. அறுவை சிகிச்சை முடிந்த அவளுடைய அப்பா அடுத்த மாதம் வந்து தங்கப்போகிறார். வீட்டில் வெயில் விழும் இடம் இந்தப் பால்கனி ஒன்றுதான்.

"ஏங்க, அப்பாவுக்கு இங்கதான் நாற்காலி போடணும். விளையற தொட்டின்னா ஓரமா இருந்துட்டுப் போகட்டும். இந்தத் தடவையும் வெறும் இலைதான்னா எல்லாத்தையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

நியாயம் அவள் பக்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டி முன் உட்கார்ந்தவர் வெகுநேரம் கை வைக்கவில்லை. பிறகு தண்டு தடித்த ஒன்றைத் தேர்ந்து, அதை ஒட்டி நின்றவற்றை ஒவ்வொன்றாக இழுத்தார். நான்கு விரலை மண்ணில் வைத்து அளந்து, அடுத்ததைத் தேர்ந்தார். தொட்டியில் முதல்முறையாக மண் தெரிந்தது.

"பிடுங்கினதை அப்படியே குப்பையில போட்டுடுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ம்" என்றார்.

பிடுங்கியவை இடது உள்ளங்கை நிறைய இருந்தன. குழாயில் காட்டி மண் போக அலசினார். குப்பைக்கூடை பக்கத்தில்தான் இருந்தது. ஒரு நாற்றை எடுத்து, வேரும் இலையுமாக வாயில் போட்டு மென்றார். காரம் மூக்கில் ஏறிக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளாமல் அடுத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்.